அறுபத்தொன்றாம் மாதிரி

முடிவுகள் செவ்வாய்க்கிழமை வந்தன.
இர்குத்ஸ்கில் மைனஸ் முப்பத்தொன்று.
விடுதியின் வெப்பக்குழாய்
இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தது.

நான்கே எழுத்துகள் கற்ற யாரோ
மூச்சுவிடாமல் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.
ஒவ்வொன்றாய்த் திறந்தேன்.
கூன் இறால், கூன் இறால், கூன் இறால்.
அறுபத்தொன்று:
மனிதர்.

என் கேள்வி சின்னது.
பைக்கால் கரைப் பாறையில் மேயும்
பழுப்புக் கூன் இறாலும்
நானூறு மீட்டர் ஆழத்தில்
கண் சிறுத்து வெளுத்துப்போன கூன் இறாலும்
இன்னும் ஒரே குடும்பமா,
பாகம் பிரித்துக்கொண்டார்களா,
பிரித்தார்களென்றால் எப்போது.
ஏரிக்கு இரண்டரைக் கோடி வயது.
எனக்கு இருபத்தேழு.
உதவித்தொகை மே மாதம் வரை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஏரியையே அளந்து போட்டிருக்கிறேன்,
இரண்டிரண்டு மைக்ரோலிட்டராய்,
மூன்று குளிர்காலம்.

"யாருடையது இது?" என்றாள் உல்யானா,
திருட்டு நடந்த வீட்டுக்குள் நுழைந்தவள் போல.
ஷர்கால் முதல் ஆளாய் வாய் திறந்து
கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தான்.
பேராசிரியை ரிம்மா புரகோப்பியேவ்னா
சலுகை எதுவும் கேட்கவில்லை.
குடுவை கழுவும் அக்லாயா
"நான் அதைத் தொட்டதே இல்லை" என்று திட்டியபடி கொடுத்தாள்.
நானும் கொடுத்தேன், வரிசையில் கடைசியாக.

வெள்ளி மாலை,
எழுத்துக்கு எழுத்து பொருந்தியது
என்னோடு.

பிறகுதான் ஞாபகம் வந்தது.
போன மார்ச், பல்ஷியே கோத்திக்கு அப்பால்,
பாத்தோவின் ஜீப் அணைக்காமல் உறுமிக்கொண்டிருக்க
ஒரு மீட்டர் பனிக்கட்டியைத் துளைத்துப் பொறியை இறக்கியிருந்தோம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழிக்கு
அங்கே வேலையில்லை.
காலடியில் கறுப்புக் கண்ணாடி.
ஆழத்தைக் கருவி சொல்லிவிடும்.
தெரிந்துதான் நிற்கிறோம்.

குழாயின் மூடி உறைந்து இறுகியிருந்தது.
கையுறைக்குள் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.
பல்லால் திறந்தேன்.
உதட்டுத் தோல் ஒரு துணுக்கு, கொஞ்சம் எச்சில்,
நாக்கில் எத்தனால் எரிச்சல்.
உள்ளே
முட்டைப் பையோடு ஒரு பெண் இறால்
கால்களை மடித்துக்கொண்டது.

அந்த ஆழத்திலிருந்து
முட்டையோடு வந்தது அது ஒன்றுதான்.
மணிக்கட்டு எலும்பளவு உடம்பு,
முழுதையும் அரைத்துக் கரைத்தாயிற்று.
கடலில் கரைத்த பெருங்காயம் காணாமல் போகும் என்கிறார்கள்.
இங்கே காணாமல் போனது கடல்.
ஒரு துணுக்கு உதடு
அவளைப் பேசவிடாமல் பேசித் தீர்த்துவிட்டது.

'என் மாதிரி' என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்,
பென்சிலில், நடுங்கிய கையில்.
பொய் இல்லை.

அழிக்கும் முன்
ஒரு வேலை செய்தேன், ஆய்வுக்கு அவசியமற்றது.
வேறொரு குழாயின் இறால் வரிசைக்கு அடியில்
என் வரிசையை வைத்து
ஒத்துப்போகும் இடங்களை விரலால் எண்ணினேன்.
கணினி ஒரு நொடியில் சொல்லும், தெரியும்.
மூன்றில் இரண்டு பங்கு அதே எழுத்து.
முதலாமாண்டுப் பாடம் இது,
யாருக்கும் இதில் வியப்பில்லை.
எண்ணி முடித்தபோது இரண்டு மணி.
மறுபடி எண்ணினேன்.

"நீக்கு" என்றார் ரிம்மா புரகோப்பியேவ்னா.
நீக்கினேன்.
பிரிவின் காலத்தைக் காட்டும் கோடு
இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் நீண்டது;
என் அறியாமைக்கு இப்போது
பத்து லட்சம் ஆண்டு கூடுதல் அகலம்.
பின்னிணைப்பில் சேர்த்தேன்:
மாதிரி 61, மனித மாசு காரணமாக விலக்கப்பட்டது.
ஆய்வேட்டில் என்னைப் பற்றி
வேறு வரி கிடையாது.

நேற்று பாத்தோ கூப்பிட்டான்.
பனி பதினைந்து சென்டிமீட்டர்தானாம்,
வண்டி தாங்காது, பொறு என்றான்.
ஜீப்பில் ஒரு இடுக்கி வாங்கிப் போட்டிருக்கிறானாம்,
சிவப்புப் பிடி வைத்தது.
எதற்கென்று
சொல்லவில்லை.