இடவலம்

வரைபடத்தில் பதினோரு சன்னல்கள் இருந்தன.
இரவுக்கு ஒன்றாய் அழித்தாள் இல்டா.
மிஞ்சியது ஒன்று, வடக்கே,
மின்யோ ஆறு கடலில் கலக்கும் பக்கம்.

"ஓவியத்தை எங்கே மாட்டுவது?"
என்றது அருங்காட்சியகக் குழு.
ஆணி அடிக்க ஓரிடமும் இல்லைதான்.

மார்ச்சில் வார்த்தார்கள். மழை.
இறுகப் பத்தொன்பது நாள்.
பைன் பலகைகளைப் பெயர்த்தபோது
கான்கிரீட்டில் மரத்தின் கணுக்கள், வரிகள்,
கூடவே
தச்சன் அடெரித்து பென்சிலால் குறித்துவைத்த
யாரோ ஒருத்தியின் தொலைபேசி எண்,
இடவலம் மாறி.

உரசி அழிக்கட்டுமா என்றான், காது சிவக்க.
வெறுமைக்காகவே இரண்டு வருடம் சண்டை போட்டவள்
கைக்கண்ணாடியை எடுத்துப் பிடித்தாள்.
ஒன்பது இலக்கம்.
கடைசி, ஏழா ஒன்றா தெரியவில்லை.

திறப்பு விழாவில் எல்லோரும்
அந்தச் சுவரின் முன்தான் நின்றார்கள்,
தலையைச் சாய்த்து.