மண்ணெண்ணெய்க் கணக்கு

பலாலியில் தந்த படிவத்தில்
தொழில் என்ற கட்டம் மிகச் சிறியது.
'பம்' என்று எழுதினேன். பொய்யில்லை.

நீர்வேலியில், வாழைக்கு இறைக்கிற மெசின்
இழுக்காத காலைகளில்
கண்மருந்துப் போத்திலால்
காபரேற்றருக்குள் மூன்று சொட்டுப் பெற்றோல் விடுவேன்.
பிடித்த கையோடு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும்.
அந்த ஒரு கணம்
எனக்குக் காதால் தெரியும்.
அப்பாவுக்குக் கை நடுங்கும். அதனால் நான்.

இரவில் ஜாம்போத்தில் விளக்கு.
ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பாடம்.
தொகையீடு பாதியில் அணைந்தால்
மீதி விடியத்தான்.

பிறகு மொறட்டுவை. பிறகு பனிநாடு.
பதினாறு வருடம் ஒரே ஒரு சில்லு,
நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று.
இரண்டு தரம் சிதறியது.
இரண்டாம் தரம் கூட்டத்தில் எல்லாரும்
என்னை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தார்கள்.
மயிரளவு வெடிப்பு. கண்டுபிடித்தவள் நான்.
வரைபடத்தில் கையொப்பமும் என்னுடையது.

மூன்றாவது ஏறியது.
அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.
எங்கள் வீட்டில் ரொக்கெற் என்றால் வேறு;
அந்தச் சொல்லை இருவரும் தொடவில்லை.

"அதுக்கு என்னத்தையடி ஊத்துறது?"
மண்ணெண்ணெய்தான், அம்மா. நல்லா வடிச்சது.
"எவ்வளவு?"
செக்கனுக்கு நூற்றிருபது போத்தில்.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
பெருக்கிக்கொண்டிருக்கிறாள்,
தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு விலையில்.

பிறகு மெல்லக் கேட்டாள்:
"மிச்சம் ஏதும் வருமோ?"

கொஞ்சம் அடியில் நிற்கும், அம்மா.
எடுக்கேலாது.