சாயங்காலம் கூப்பிடாதீங்க ராத்தா

மைலோ டப்பாவில் வந்தது அது.
ஈரத்துண்டு சுற்றி, மேலே மூன்று சேலை போர்த்தி,
திருச்சி ஏர்போர்ட்டில் யார் கண்ணிலும் படாமல்.
"சிம்போ" என்றார் ரஹ்மத்துன்னிஷா ராத்தா.
லாபுவான் தீவில், கடைக்குப் பின்னால்,
காடு தொடங்குகிற இடத்தில் தானாக நிற்குமாம்.
மதியம் தவறாமல் மழையாம்.
சோறு மடிக்கிற அகலமாம் இலை.
எனக்கு அந்தத் தீவில் தெரிந்தது
அவர் அனுப்பும் பிஸ்கட் டின்னின் மூடி மட்டும்.

கூத்தாநல்லூரில் பதினான்கு அறை வீடு.
சாவி என்னிடம். மாதம் இரண்டாயிரம்.
பெருக்கு, ஜன்னல் திற, ஜன்னல் மூடு,
மோட்டார் போடு,
செடிக்கு இரண்டு வாளி.

மூன்றாம் மார்கழியில் பூத்தது.
விடியுமுன் விரியும், ஐந்து இதழ்.
அசருக்குப் பாங்கு சொல்லும்போது
தரையில் கிடக்கும்.
மறுநாள் வேறொன்று ஷிப்டுக்கு வரும்.
காய் வெடித்தால் உள்ளே சிவப்பு விதை,
மைனாக்கள் சண்டை போடும்.

பிறகு அந்தச் சித்திரை.
மேட்டூரில் சேறுதான் மிச்சம் என்றது பேப்பர்.
வெண்ணாற்றில் பையன்கள் ஸ்டம்ப் நட்டார்கள்.
போர்த் தண்ணீரில் துரு வாசம்,
நாக்கில் வைத்தால் உப்பு.
ஊற்றினேன். இரண்டு வாளி, நாலு வாளி.
சுட்ட அப்பளம் மாதிரி
ஓரத்திலிருந்து கருகி வந்தன இலைகள்.
வைகாசியில் வெறும் குச்சி.
அதையும் அறுத்துப் போட்டேன்.

சொல்லியிருக்கலாம்.
அந்த மாதம் மகளுக்கு நர்சிங் ஃபீஸ்.
ராத்தா அட்வான்ஸ் அனுப்பி, கூடவே கேட்டிருந்தார்:
"புள்ளை எப்படி இருக்கு?"
"நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டேன்.
அவர் கேட்டது செடியை.
நான் சொன்னது மகளை
என்று அல்லாவிடமும் மாரியம்மனிடமும் வாதாடலாம்.

வாய்க்கால் மேட்டில்
பூவரசங்கழி ஒன்று வெட்டி வந்து
அந்தக் குழியோரமே ஊன்றினேன்.
பூவரசு யார் வீடு என்று கேட்காது. துளிர்த்தது.
"வெயில், ராத்தா, பூக்கலை" என்றே
இரண்டு வருஷம் ஓட்டினேன்.
அப்புறம் மஞ்சள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான்.
பூவரசம்பூ காலையில் மஞ்சள்,
பொழுது சாய்ந்தால் பழஞ்செங்கல்.
லாபுவான் நமக்கு இரண்டரை மணி முன்னால்.
கடை அடைத்துவிட்டு அவர் கூப்பிடும்போது
இங்கே விளக்கு வைக்கிற நேரம்.
"சாயங்காலம் டவர் கிடைக்காது, ராத்தா.
காலையில கூப்பிடுங்க."
கூப்பிட்டார்.
இலையை முதுகால் மறைத்து
ஒரு பூவை மட்டும் காட்டினேன்.
"மாஷா அல்லா" என்றார். கொஞ்சம் அழுதார்.
"நடுவுல என்னடி, கறுப்பா?"
"காவேரித் தண்ணி" என்றேன்.

போன ஐப்பசியில் பத்து நாள் விடாத மழை.
சம்பா முழுகியது.
கொல்லைக்குள் முழங்கால் தண்ணீர், இரண்டு தண்ணிப்பாம்பு.
வடிந்த பிறகு போய்ப் பார்த்தால்
பூவரசின் காலடியில்
விசிறிபோல் மடிப்பு மடிப்பாக ஓர் இலை,
காம்பின் இருபுறமும் இறக்கை வைத்து.
அறுத்த அடியிலிருந்தோ,
மைனா விட்டுப்போன விதையோ,
தெரியாது.
இத்தனை வருஷம் எங்கேடி இருந்தே
என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
பதினான்கு அறையில் யாருக்குக் கேட்கப்போகிறது.

பங்குனியில் ராத்தா வருகிறார்.
முட்டி ஆபரேஷன், இனி இங்கேதானாம்.
அரிவாளோடு இரண்டு தரம் கொல்லைக்குப் போனேன்.
இரண்டு தரமும் தேங்காய் மட்டை வெட்டிக்கொண்டு திரும்பினேன்.

இன்று நானே கூப்பிடுகிறேன்.
இங்கே ஆறரை, அங்கே ஒன்பது.
ரிங் போகிறது.
கேமராவைத் திருப்பி வைத்திருக்கிறேன்:
சிவந்து தொங்கும் பூவரசு,
அதன் கீழே, முதல் பூவைக் கொட்டிவிட்டு நிற்கும் சிம்போ.
மஞ்சளாக
எதுவும் இல்லை.