பங்க்சர் தொட்டி

புளியரையில், எஸ் வளைவு இறங்கி முடிகிற இடத்தில் எங்கள் பங்க்.
கூரையில் எட்டுக் கொக்கி அடித்துவிட்டு முதலாளி சொன்னார்:
கம்பி தெரியக் கூடாது. பூதான் தெரியணும்.

டீசல் போடுகிற கை எனக்கு.
இந்த வேலை சம்பளத்தில் சேராது.

கூடையின் வாய் இரண்டடி.
உள்ளே தென்னைநார்ப் பாய்,
கொல்லம் போய்த் திரும்பிய லாரியில் சும்மா வந்தது.
பாயைக் கத்தியால் கீறி
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே வாசல் விட்டேன்.

கீழ் வளையத்தில் ஆறு பெகோனியா.
நாற்றின் தலையைப் பழைய பில்லில் சுருட்டி
(நாற்பது லிட்டர், நன்றி, மீண்டும் வருக)
உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும்.
இலை ரோட்டுக்கு. வேர் கூடைக்கு.
பில்லை உருவி எடுத்தால்
பிறந்த பிள்ளை மாதிரி கசங்கிக் கிடக்கும்.
மேலே நாலு விரல் மண், கொஞ்சம் சாண எரு,
அடுத்த வளையத்தில் எட்டு காசித்தும்பை,
அதற்கும் மேலே பத்து, கோலியஸும் ஸ்பைடரும் கலந்து.
உச்சியில் ஐந்துதான். அது எல்லோரும் நடுவது.

படுக்க வைத்து நட்ட செடிக்கு முதல் நாள் ஒன்றும் புரியாது.
மூன்றாம் நாள் கழுத்தைத் தூக்கும்.

அடியில் உள்ளங்கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பேன்.
கனத்தால் விட்டுவிடுவேன்.
லேசாக ஆடினால் தண்ணீர்.
திங்கள்கிழமை காலை கால் சுற்று திருப்புவேன்,
ஆரியங்காவு பார்த்த பக்கம் தென்காசி பார்க்க.
அந்தக் கணவாய்க் காற்று
மழையையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு
வெறுங்கையோடு இங்கே வரும்,
வந்து இலையில் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போகும்.

ஆனி கடைசியில் அண்ணிக்குக் கண் ஆபரேஷன்.
மூன்று நாள் புனலூர்.
ஷிஜுவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்த அன்று சாரல்.
ரோடு நனைந்து, மலை நனைந்து, லாரித் தார்ப்பாய் நனைந்து
கூரைக்கடியில் எட்டுக் கூடையும் காய்ந்து தொங்கின.
உச்சியில் பூ. கீழே இரண்டு வளையமும் கருகிய நூல்.

"சேச்சி, தினமும் ஒழிச்சு. தறையில வெள்ளம் ஒழுகணவரெ."
பொய்யில்லை. தரை நனைந்துதான் இருந்தது.
காய்ந்து சுருங்கிய மண் ஓரம் விட்டிருந்தது,
ஊற்றினதெல்லாம் அந்த இடுக்கு வழியே
எந்த வேரையும் கேட்காமல் இறங்கிப் போயிருந்தது.
அவனைத் திட்ட வாய் வந்தது.
மழைக்குள்ளே தாகம் என்றால்
எனக்கே யார் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்?

பக்கத்துக் கடை கோமதிநாயகம் அண்ணனின் தொட்டியைக் கேட்டேன்.
லாரி ட்யூபை முக்குகிற தொட்டி,
ரப்பர் வாசம், மேலே எண்ணெய் வளையம்.
எண்ணெயை வழித்து, நல்ல தண்ணீர் மாற்றி,
முதல் கூடையைக் கழுத்துவரை இறக்கினேன்.

குபுகுபுவென்று எல்லா வாசலிலும் குமிழி.

"எங்கேம்மா ஓட்டை?" என்றார் அண்ணன், பழக்க தோஷம்.
"எல்லாம் ஓட்டைதான்ணே. குமிழி நிக்கணும். அப்பதான் எடுக்கலாம்."
"நிக்காட்டி?"
"நிக்கும்."

செத்தது அறுபத்தேழு. எண்ணினேன்.
அந்த வாசல்களில் மேலிருந்து கிள்ளிய கொழுந்தைச் செருகினேன்.
இந்த முறை நடுவில்
ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்று,
வயிற்றுக்கு நேராகத் தண்ணீர் போக.
ஷிஜுதான் ஓட்டை போட்டான், ஒன்றும் பேசாமல்,
தேவைக்கு மேல் நிறையவே.

ஐந்தாவது கூடை முங்கிக் கிடந்தபோது
கேரளா வண்டி ஒன்று ஒதுங்கியது.
தோளில் ட்யூபோடு டிரைவர் தொட்டியைப் பார்த்தார்,
உள்ளே பூவைப் பார்த்தார்,
"இது எப்போ தீரும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.
நான் தண்ணீரைப் பார்த்தேன்.
ஒரு பக்கம் நின்றிருந்தது.
ஆரியங்காவுப் பக்கம் இன்னும் விட்டுக்கொண்டிருந்தது,
ஒவ்வொன்றாக.

டிரைவர் ட்யூபை மடியில் வைத்துக்கொண்டு
குத்தவைத்து உட்கார்ந்தார்.