மாடி வாடகை

பதினெட்டு வருடமாக நடக்கும்
பாகப்பிரிவினை வழக்கு.
வரவேண்டிய பாக்கிகளைப் பட்டியலிடத்
தேவகோட்டை கோர்ட் கமிஷனர்
என்னைக் கண்டனூருக்கு அனுப்பினார்.
பேட்டா நாளொன்றுக்கு இருநூறு.

நா.மெ. கடைப் பேரேடுகள் நாற்பத்தொன்று,
கரையான் எடுத்தது போக முப்பது.
ரங்கூன், ஈப்போ, பினாங்கு எல்லாம்
ஐந்தொகை கட்டி முடித்த கணக்கு.
சைகோன் மட்டும் மூடவில்லை.

பற்று: மாடி, மூன்று அறை.
பேர்: சிறுவணிகர் ஐக்கியக் கட்சி.

ராட்சச வருடம் சித்திரையில் டாங்கி வந்தது.
செட்டியார் அதற்கு முன்பே விமானமேறிவிட்டார்.
அடுத்தாள் வயிரவன் சாவிக்கொத்தோடு
அங்கேயே நின்றுபோனார்.
கட்டடம் அரசாங்கத்துக்குப் போயிற்று.
ஆளும் கட்சி
கீழே அரிசி மூட்டை அடுக்கியது,
மேலே இன்னொரு கட்சியை வைத்தது.
ஆமாம், இன்னொரு கட்சி இருந்தது.
இருக்கவேண்டும் என்று உத்தரவு இருந்தது.

பேரேட்டில் குண்டூசி குத்திய
வயிரவனின் கடிதங்கள்:

'ஆறு இடம் கொடுத்திருக்கிறார்கள்.
தேர்தலுக்கு முன்பே கொடுத்துவிடுவதால்
அலைச்சல் இல்லை.'

'புது ஆள் சேர்க்க அனுமதி கிடையாது.
போன மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
இந்த மாதம் இருநூற்றெட்டு.
நாலும் இயற்கை மரணம்.'

'செயலாளர் லாம்
செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வருகிறார்.
நம் கடை வழக்கத்தை அவருக்கு
யார் சொன்னார்களோ தெரியவில்லை.'

செட்டியார் இங்கே உட்கார்ந்து
மாதம் தவறாமல் வாடகையைப் பற்றெழுதினார்.
வட்டியும் போட்டார்,
கோயில் பணத்துக்குப் போடுகிற அரை வட்டி.

வரவு ஒரே ஒரு தரம்.
துந்துபி, ஐப்பசி:
'தேயிலை டப்பா ஒன்று. லாம் கொடுத்தது.
வாடகையில் கழிக்கவும். ரசீது வேண்டாம்.'
செட்டியார் ரசீது போட்டிருக்கிறார்.
அசலும் கார்பன் நகலும்
இரண்டும் இங்கேதான் இருக்கின்றன.

விபவ வருடம், கடைசிக் கடிதம்:
'நேற்றுக் கூட்டம். வந்தவர்கள் நாற்பது.
தீர்மானம் அச்சடித்தே வந்தது.
கட்சி தன் சரித்திரக் கடமையை
முடித்துவிட்டதாம்.
ஒருமனதாக நிறைவேறிற்று.
லாம் தூக்கிய கையை இறக்கவில்லை.
யாரோ பிடித்து இறக்கினார்கள்.
பிறகு சாவியைக் கொடுத்தார்.
போய்ப் பார்த்தேன்,
மாடியைப் பெருக்கி வைத்திருந்தார்கள்.'

நானும் ஒரு கட்சியில் இருந்தவன்.
காரைக்குடி, கல்லுக்கட்டி,
சைக்கிள் கடை மாடி.
எங்களைக் கலைக்க யாரும் கூட்டம் போடவில்லை.
மைக்செட் குமரப்பன் பாக்கி கேட்டு வந்தபோது
கட்சி என்று யாரும் அங்கே இல்லை,
நான் இருந்தேன்.
மூன்று தவணையில் கொடுத்தேன்.

பேரேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டும்போதே
வராக்கடன் என்ற சொல்லை எதிர்பார்த்தேன்.
செட்டியார் எழுதியது வேறு:
'மாடி காலி. சாவி வயிரவன் வசம்.
பாக்கி, தேயிலை நீக்கி.'
கீழே தொகை.

கமிஷனரின் படிவத்தில்
தேறும், தேறாது, இரண்டே கட்டம்.
கடனாளி இல்லை.
ஊருக்கு வேறு பேர் வந்துவிட்டது.
கடன் கொடுத்த கடையைத்தான்
இருபத்து மூன்று பங்காளிகளும்
அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டம் இரண்டையும் விட்டுவிட்டுத்
தொகையை மட்டும் எழுதினேன்,
நாற்பது காசு வரைக்கும்.
பிறகு சாப்பாடு வந்துவிட்டது.