பதினோரு நொடி

லவ்டேலுக்குக் கீழே, கற்பூரமரத் தோப்பை ஒட்டிய மைதானம்.
விடியுமுன்பே சாமான் இறக்கிவிட்டேன்:
நான்கு பாக்ஸ், ஒரு மிக்ஸர், குளிரில் விறைத்த ஒயர்.
விறைத்த ஒயர் சொன்னபடி சுருளாது.
வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

காலர் மைக்கைக் குத்திவிடும்போது
பூவய்யா சார் என் பெயரைக் கேட்டார்,
இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.
கை கொடுத்தார். உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலர் மைக்குக்கு ஒரு கெட்ட பழக்கம்,
அணைக்க மறந்தால் ஆளோடு நடந்து போகும்.
லாயத்துக்குப் பின்னால் போனது. என் ஹெட்போனில்,
"பத்து மணி வரைக்கும் தண்ணி காட்டாதே."
"நேத்து மத்தியானத்துலேர்ந்தே காட்டலீங்க."
பதில் குரல் ஜுபேருடையது, குதிரைக்காரன்.
காலி வாளி ஒன்று உருண்டது.

பத்தரைக்குக் கூட்டம் வந்தது, சீசன் கூட்டம்.
கோவை, பெங்களூர் கார்கள். கான்வென்ட் பிள்ளைகள் இரண்டு வரிசை.
வட்ட வேலிக்குள் ஒரு செவலைப் பெட்டை.
"இதுவரை கை படாத குதிரை" என்று அறிவித்தார்கள்.
எனக்கு அவளைத் தெரியும்.
மார்க்கெட் வாசலில் முட்டைக்கோஸ் தழைக்கு வந்து
தராசுத் தட்டால் அடி வாங்கிக்கொண்டு நின்றவள்.
கை படவில்லையாம்.

சாட்டை கிடையாது, கடிவாளம் கிடையாது.
அவருடைய பெருமையே அதில்தான்.
சுருட்டிய கயிறு, ஒரு பார்வை, தோளில் ஒரு திருப்பம்.
அவள் ஓடினாள்.
நிற்கப் பார்த்தால் கயிறு பறந்தது, ஓடினாள்.
வலப்பக்கம் நாற்பது சுற்று. இடப்பக்கம் நான் எண்ணவில்லை.
கடைசியில் தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி,
வெறும் வாயை மென்றாள்.

"பாருங்கள்," என்றார், குரலில் நெய் வார்த்து,
"மெல்லுகிறாள். சம்மதம் சொல்லுகிறாள்.
என்னை நம்பிவிட்டாள்."

இருபத்திரண்டு வருடமாக மைக் கொடுப்பவன் நான்.
முதல் தடவை மேடையேறிய வார்டு வேட்பாளர்,
இரங்கல் கூட்டத்தில் பேசச் சொல்லி எழுப்பப்பட்ட மனைவி,
ஆண்டுவிழாவில் வரியை மறந்த சிறுமி,
எல்லார் வாயும் இப்படி மெல்வதைக் கேட்டிருக்கிறேன்.
எச்சில் வற்றிய நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும் சத்தம்.
அதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்க
எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு அவர் அவள் கழுத்தில் சாய்ந்தார்.
மைக் அவள் மூக்கருகே போனது.
மூச்சு வந்தது.
நான்கு பாக்ஸிலும் வந்தது, சரிவு முழுக்க இறங்கியது.
முன்வரிசையில் ஒரு பிள்ளை காதைப் பொத்தியது.
என் விரல்
யாரும் சொல்லாமலே
அந்த ஒலியைக் கீழே இழுத்தது,
புல்லாங்குழலை மேலே ஏற்றியது.
கைதட்டல்.

கூட்டம் கலைந்தபின் ஜுபேர் வாளியோடு வந்தான்.
குடித்தாள். மறுபடி நிரப்பினான். குடித்தாள்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன், வெயிலில் இளகியிருந்தது.

மேனேஜர் தந்த கவரில் பேசியதைவிட இரண்டாயிரம் கூட.
"அந்த மூச்சு மட்டும் வீடியோவுல வேணாம்ணே.
காலையில பேசினதும்."
வெட்டினேன், தழும்பு தெரியாமல்.
அந்த வேலையில் எனக்கு நல்ல பேர்.

பேச்சை அழித்துவிட்டேன். மூச்சை அழிக்கவில்லை.
பதினோரு நொடி.
போன மாதம் கேத்தியில் ஒரு காதுகுத்து,
பாக்ஸ் சரிபார்க்கையில் கை தவறி ஓடிவிட்டது.
இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.
"என்னது, குன்னூர் ரயிலா?" என்றார் ஒருவர்.
"ஏத்தத்துல எப்படி மூச்சு வாங்குது பாரு."

ஆமாம் என்றேன்.