குத்துமதிப்பு

கடைசி ஐந்து இலக்கங்கள் என்னுடையவை.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

தளம் எனக்குத் தருவது
லட்சத்துக்குக் கீழே சீவி எறிந்த ஒரு தொகை.
அந்தச் சீவலை நான்தான் ஒட்டவைக்கிறேன்:
நேற்றைய வேகம், இன்றைய மணி,
கொஞ்சம் தற்செயல்,
கொஞ்சம் தூக்கக் கலக்கம்.

திரையில் இரண்டே எண்கள்.
இடப்பக்கம், பைஜாமா போட்ட நீர்யானை.
பல் துலக்கச் சொல்லிப் பாடும், பாடிக்கொண்டே இருக்கும்.
வலப்பக்கம், பழைய கப்பல்களை விலைக்கு வாங்கி
மூழ்கடித்துக் காட்டும் இளைஞன்.
உலகத்தில் யார் முதல் சேனல் என்று
பதினோரு மாதமாக இருவரும் முட்டிக்கொள்ள,
கௌனஸ் நகரின் ஷிலைனியே அடுக்ககத்தில்
ஒன்பதாம் மாடிச் சமையலறையில்
ஃப்ரிட்ஜின் தலையில் மடிக்கணினியை ஏற்றிவைத்து
அந்த ஓட்டத்தை ஒளிபரப்புகிறேன்.

என் சேனலுக்குச் சந்தாதாரர்
மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அது மட்டும் துல்லியம்.

பகலில் வேறு எண்கள்.
தண்ணீர் நிறுவனத்தில் மீட்டர் பிரிவு.
யார் வீட்டுக்கும் போவதில்லை, அவர்களே சொல்வார்கள்,
எழுதிக்கொள்வேன்.
டாக்சி ஓட்டும் ப்ரோனியுஸ் மாதம் தவறாமல்
மூன்று கன மீட்டர் என்பார்.
வீட்டில் நால்வராய் இருந்தபோதும் மூன்று.
மனைவியும் பெண்களும் பெர்கனுக்குப் போன பிறகும் மூன்று.
மீட்டர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறதாம்.
அதை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும், என்றார் ஒருமுறை.
மூன்று என்று எழுதிக்கொண்டேன்.
அவரைத் திருத்த
எனக்கு என்ன யோக்கியதை?

அந்த வியாழன் இரவு
இடைவெளி ஆறாயிரம் ஆனது, பிறகு தொள்ளாயிரம்.
வெளியே ஆலங்கட்டி மழை.
ரேடியேட்டரை நகராட்சி இன்னும் திறக்கவில்லை;
கோட்டைப் போட்டுக்கொண்டு
கருப்பு ரொட்டியைக் கெஃபிரில் தோய்த்துத் தின்றபடி
நானும் பார்த்தேன், நான் எழுதியதை.
என்னோடு பன்னிரண்டாயிரம் பேர்.
மணிலாவில் பள்ளிக்குக் கிளம்பும் ஒருவன்,
குரிடிபாவில் இரவுப் பணியில் ஒரு செவிலி,
எங்கிருந்து என்று சொல்லாத ஒருத்தி,
தம்பி நீர்யானைக்குத்தான் தூங்குவான், அது தோற்கக் கூடாது என்கிறாள்.

நூறு.
நாற்பது.
ஏழு.

உண்மையில் அது முந்தாநாளே நடந்திருக்கலாம்.
நாளை மறுநாள் நடக்கலாம்.
கப்பல்காரனுக்கே தெரியாது,
நீர்யானைக்குள் இருப்பவர்களுக்கும் தெரியாது.
இரண்டும் சமமான நொடியில்
என் விரல் ஒரு விசையை அழுத்தியது.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

பதினோரு நிமிடம்
உலகத்தில் யாரும் முதல் இல்லை.

ஒருவரும் வெளியேறவில்லை.
பன்னிரண்டாயிரம் பதினைந்தாயிரம் ஆனது.
அசையாத இரண்டு எண்களின் முன்னால்
இத்தனை பேர்
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்;
அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது,
திருட்டுப் பழம்போல.

கெட்டில் கூவியது.
எழுந்து அதை அணைக்கும் முன்
விசையை விட்டேன்.
கப்பல்காரன் ஒன்று கூடுதல்.

மறுநாள் செய்தியில் போட்டார்கள்,
மகுடம் கைமாறியது
லிதுவேனிய நேரம் இரண்டு நாற்பத்தேழுக்கு என்று.
அது என் தண்ணீர் கொதித்த நேரம்.

என் சேனலைத் திறந்து பார்த்தேன்:
மூவாயிரத்து நூற்றுப் பதினொன்று.
ஒருவர் போய்விட்டார்.
யாரென்று காட்டாது.

மாதக் கடைசி. ப்ரோனியுஸ் கூப்பிட்டார்.
மூன்று, என்றார்.
ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா, என்றேன்,
மெஷினை நகர்த்த.
இண்டிகேட்டர் துடிக்கும் ஓசை கேட்டது,
எங்கோ திரும்பக் காத்திருக்கிறார் போல.
நெடுநேரம்.

எதற்கு, என்றார்.
மூன்றுதான்.